எல்லை கடக்கும் நகை: சுங்கமும் சாட்சியும்

மலர்க் குழுவினர், "உங்கள் தொழிலைப் பற்றி வரலாற்றோடு சேர்த்து ஒரு கட்டுரை எழுதுங்கள்" என்று அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்த தமிழ்ச் சமணன். கோபாலபுரத்தில் சின்னதாக ஒரு நகைக்கடை. பகலில் தராசும் இரவில் புத்தகமுமாக நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அந்த இரண்டிலிருந்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம்மவர் வீடுகளில் ஒரு பிள்ளையாவது கடல் கடந்து இருக்கிறது. துபாயில் மகள், சிங்கப்பூரில் மருமகன், லண்டனில் பேத்தி. கடைக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பது, "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பத்துப் பவுன் அனுப்பணும், வரி எவ்வளவு ஆகும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் இதைவிடப் பழைய, இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அறியாத ஊரில் ஒருவன் வழிமறித்து "இது உன்னுடையதுதானா?" என்று கேட்டால் என்ன காட்டுவோம்? நகை எல்லை கடந்த கதையில் வரியால் கெட்டவர்களைவிட இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கெட்டவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

கணவாய் வழியே வந்த பொன்

கோபாலபுரத்தில் நிற்பவனுக்கு எல்லை என்பது புத்தகச் சொல் அல்ல. கிழக்கே போனால் பொள்ளாச்சி, மேற்கே போனால் சித்தூர், பாலக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை திறந்துவிட்ட பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். மேல்கடற்கரை முசிறிக்கும் கொங்கு நாட்டுக் கொடுமணலுக்கும் கரூருக்கும் இடையே சரக்கு நடந்தது இந்த வாசல் வழியேதான்.

பொள்ளாச்சியில் 1800ஆம் ஆண்டிலும், கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டிலும் ரோமானிய நாணயப் புதையல்கள் கிடைத்தன. 1842இல் கிடைத்தவை மட்டும் 522 வெள்ளிக் காசுகள். கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணிகள் அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். கல் மேற்கே போயிற்று, காசு கிழக்கே வந்தது. இப்படி இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறதே என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி குறைப்பட்டு எழுதினார். தங்கம் வெளியே போகிறதே என்று அரசாங்கம் கவலைப்படுவது நம் காலத்துச் சங்கதி மட்டும் இல்லை என்பது இதிலிருந்து தெரியும்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் மேல், அரசன் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. காசாக அது மறுபடி ஓடக்கூடாது என்று வெட்டினார்கள் என்பர் சிலர். உள்ளே கலப்படம் உண்டா என்று பார்க்க வெட்டினார்கள் என்பர் வேறு சிலர். கட்டளைக்கல்லோடு பழகிய என் கைக்கு இரண்டாவது விளக்கம்தான் பிடிக்கிறது. ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் முகமே இருந்தாலும், கடல் கடந்து வந்துவிட்டால் அந்தத் தங்கம் தன்னை நிரூபித்துக்காட்ட வேண்டும்.

முசிறி ஒப்பந்தம்

வியன்னா நகரில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு கிழிந்த பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. 1985இல் அறிஞர்கள் இதைப் படித்து வெளியிட்டார்கள். ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மாபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்புக் கணக்கு.

சரக்கு கங்கைக் கரைச் சடாமாஞ்சிலும் யானைத் தந்தமும். நகை இல்லைதான். ஆனால் நகையைப் போலவே எடை குறைவு, மதிப்பு பெரிது. முசிறியிலிருந்து முத்தும் மணிகளும் வைரமும் இதே கடல்வழியில் போயின என்று 'பெரிப்ளுஸ்' நூல் பட்டியலிடுகிறது. இந்த ஒரு கப்பல் சரக்கின் மதிப்பு, வரி போக, 1,154 தாலந்துக்குக் கொஞ்சம் மேல். ரோமானியக் கணக்கில் ஏறக்குறைய எழுபது லட்சம் செஸ்டர்ஸ். ரோமானிய எல்லையில் வரி நாலில் ஒரு பங்கு, அதாவது 25 விழுக்காடு!

இவ்வளவு வரி கட்டியும் அந்த வியாபாரம் நடந்தது. எப்படி? ஒப்பந்தத்தைப் பார்த்தால் விளங்கும். செங்கடல் துறையில் இறங்கிய சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். காவலோடு பாலைவனம் கடந்து, நைல் கரையில் உள்ள கோப்டோஸ் ஊரின் வரிக் கிடங்கில் வைக்க வேண்டும். அங்கிருந்து ஆற்றுப் படகில் அலெக்சாந்திரியா. ஒவ்வொரு கட்டத்திலும் கடன் கொடுத்தவரின் முத்திரை சரக்கின் மேல் இருக்க வேண்டும். எந்த இடத்தில், யார் கையில், யார் முத்திரையில் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது. வரி பெரிதுதான், ஆனாலும் அது தெரிந்த செலவு. அதை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். இடையில் காணாமல் போவதை எந்த விலையிலும் சேர்க்க முடியாது. அதற்காகத்தான் அந்த எழுத்தும் முத்திரையும்.

புலி முத்திரையும் முத்திரை இல்லாத சிலம்பும்

நம் பக்கமும் முத்திரை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் ஏறும் சரக்குக்கும் இறங்கும் சரக்குக்கும் உல்கு வாங்கி, சோழனின் புலி இலச்சினை பொறித்து அனுப்பியதைப் பட்டினப்பாலை விரிவாகச் சொல்கிறது. உல்கு என்பது சுங்கத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர். வள்ளுவரும் அரசனுக்குரிய பொருள்களில் அதைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். புலி பொறித்த மூட்டையைப் பார்த்தவுடன் இது வரி கட்டிய பொருள், உரியவர் உள்ள பொருள் என்று எவருக்கும் தெரிந்துவிடும்.

அதே காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து ஒரு வணிகர் மகன் முத்திரை எதுவும் இல்லாத ஒரு நகையோடு வேறு அரசனின் நாட்டுக்குப் போனான். கோவலன் கதையை ஊழ்வினைக் கதை என்றும் கற்பின் கதை என்றும் படிக்கிறோம். நகை வியாபாரியின் கண்ணால் ஒருமுறை படித்துப் பாருங்கள். சோழநாட்டில் செய்த விலை உயர்ந்த ஆபரணம். பாண்டிய நாட்டில் முன்பின் தெரியாத கடைவீதி. விற்க வந்தவனை அறிந்தவர் ஒருவரும் இல்லை. தான் செய்த திருட்டை மறைக்கக் காத்திருந்த பொற்கொல்லன் ஒருவன். அரசியின் சிலம்பும் பார்வைக்கு அதே மாதிரி. விசாரணை இல்லை, உயிர் போச்சு.

வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் எங்கள் சமணத் துறவி. அவர் மதுரைக்கு வெளியே ஆயர்குல மாதரியிடம் கண்ணகியை இன்னார் என்று சொல்லி ஒப்படைத்தார். அதனால் அறியாத ஊரிலும் கண்ணகிக்கு ஒரு வீடு கிடைத்தது. கோவலன் கையில் இருந்த சிலம்பை இன்னாருடையது என்று கடைவீதியில் சொல்ல அப்படி ஒருவர் இல்லை. கடைசியில் சாட்சி சொன்னது சிலம்புதான். உடைத்தபோது உள்ளே மாணிக்கம். அரசியின் சிலம்பிலோ முத்து. பரல் என்னவென்று முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு கேள்வியில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு அது.

அரசர் ஆணையும் வணிகர் காவலும்

கோவைக்கு மேற்கே, கணவாயை நோக்கிப் போகும் பழம்பாதையில் ராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பெருவழியின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். இரு நாட்டு எழுத்துக்காரரும் படிக்கட்டும் என்ற எண்ணம் போலும். வழிக்கு அரசன் பெயர் இருந்தால் வழிப்பறிக்காரனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும் அல்லவா?

ஆனாலும் வணிகர்கள் அரசனை மட்டும் நம்பவில்லை. ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் தங்கள் சொந்தக் காவல் வீரர்களை வைத்திருந்தன. எறிவீரர்கள், எறிவீரப்பட்டினம் என்ற பெயர்களைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினான். வரியை நீக்கிய அரசனை மக்கள் எவ்வளவு கொண்டாடினார்கள் என்பதற்கு அந்தப் பட்டமே சாட்சி.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளியில் காகதீய அரசர் கணபதிதேவர் 1244ஆம் ஆண்டு வாக்கில் வெட்டுவித்த அபய சாசனம். புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பலின் பொன், குதிரை, மணி எல்லாவற்றையும் முன்னாள் அரசர்கள் பறித்துக்கொண்டார்கள். நாம் அப்படிச் செய்ய மாட்டோம், முறையான சுங்கம் மட்டும் வாங்குவோம் என்று அந்தச் சாசனம் உறுதி கொடுக்கிறது. வரி முப்பதில் ஒரு பங்கு. உயிரைப் பணயம் வைத்துக் கடல் தாண்டி வரும் வணிகனுக்குப் பொருள் உயிரை விடப் பெரிது என்று அந்த அரசர் புரிந்துவைத்திருந்தார். வரி குறைவு, விதி எழுத்தில், பொருள் உரியவருக்கே என்ற மூன்றும் சேர்ந்தால் வியாபாரம் ஒளிய வேண்டியதில்லை.

பாலக்காட்டில் ஜைனமேடு என்ற இடத்தில் சந்திரபிரப தீர்த்தங்கரர் கோயில் இருக்கிறது. கன்னட நாட்டிலிருந்து வந்த வைர வணிகர் ஒருவர் கட்டியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மலையாளக் கவி குமாரன் ஆசான் 1907இல் 'வீணபூவு' எழுதியது அந்த ஜைனமேட்டில் இருந்தபோதுதான். எல்லை கடந்து நகை விற்க வந்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் வேரூன்றியதற்கு அந்தக் கருங்கல் கோயில் அடையாளம்.

எங்கள் ஊர்ச் சாவடிகள்

இனி எங்கள் வாசலுக்கு வருகிறேன். சித்தூர்த் தாலுகா கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. அதைச் சுற்றி ஒரு பக்கம் பிரிட்டிஷ் மலபார், மறுபக்கம் பிரிட்டிஷ் கோயம்புத்தூர் ஜில்லா. எந்தப் பக்கம் வண்டி நகர்ந்தாலும் சுங்கச் சவுக்கை. திருவிதாங்கூரும் கொச்சியும் பிரிட்டிஷ் அரசும் 1865இல் செய்துகொண்ட துறைமுக உடன்படிக்கைக்குப் பிறகுதான் இந்த உள்நாட்டுச் சுங்கங்கள் பெரும்பாலும் ஒழிந்தன. 1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிந்தன. 1957 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் உருவாகிச் சித்தூர் அதில் சேர்ந்தது. எல்லை புதிய உருவில் திரும்பி வந்தது: விற்பனை வரிச் செக்போஸ்ட். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாக இருந்தன. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரிச் சாவடிகள் மூடப்பட்டன.

சாவடி மூடினால் ஆபத்து போய்விடுமா? கோவையில் செய்கிறார்கள், திருச்சூரில் செய்கிறார்கள். நகை இரு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2019 ஜனவரியில் திருச்சூரிலிருந்து கோவைக்குக் காரில் போன நகையைக் க.க.சாவடி அருகே வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள். ராசகேசரிப் பெருவழிக்குக் காவல் வேண்டியிருந்த அதே வட்டாரம்தான் இது.

தங்கக் கட்டுப்பாடும் குருவிகளும்

1962 சீனப் போரை அடுத்து, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். தட்டார் குடும்பங்கள் அடுப்பு மூட்ட வழியில்லாமல் தவித்தன. 1968இல் அது தனிச் சட்டமாயிற்று, 1990இல்தான் நீக்கப்பட்டது. ஏறத்தாழ 27 வருஷம். அந்தக் காலத்தில் கள்ளக்கடத்தல் குறையவில்லை, வளர்ந்தது. வெளிநாட்டில் விலை குறைவு, இங்கே விலை அதிகம். நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் கடத்தல்காரனின் கூலி.

1992இல் வெளிநாட்டில் ஆறு மாதம் இருந்து திரும்பும் நம்மவர்கள் வரி கட்டி 5 கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம் என்று அரசு அனுமதித்தது. 2012 ஜனவரியில் வரி எடைக் கணக்கிலிருந்து மதிப்புக் கணக்குக்கு மாறி 2 விழுக்காடு ஆனது. 2013 ஆகஸ்டில் 10. அடுத்த மாதமே நகைக்கு மட்டும் 15. தங்கத்துக்கு 2019இல் 12.5, 2022 ஜூலையில் மொத்தம் 15. 2024 ஜூலையில் 6 ஆக இறங்கியது. ஒரு தலைமுறைகூட ஆகவில்லை, எத்தனை ஏற்ற இறக்கம் பாருங்கள்.

வரி ஏறும்போதெல்லாம் குருவிகள் பெருகுகிறார்கள். 2020 ஜூலையில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தூதரகச் சாமான் என்ற பெயரில் வந்த 30 கிலோ தங்கம் பிடிபட்டதை நாடே பேசியது. அன்று வரி 12.5 விழுக்காடு. ஆனால் நான் கவலைப்படுவது பெரிய கைகளைப் பற்றி அல்ல. "இந்த ஒரு பொட்டலத்தைக் கொடுத்துடு தம்பி, டிக்கெட் நான் போடறேன்" என்று கேட்டவுடன் தலையாட்டிவிடும் நம் பையன்களைப் பற்றித்தான். பிடிபட்டால் பொட்டலம் கொடுத்தவர் போனை எடுக்க மாட்டார். 1962 சுங்கச் சட்டப்படி பொருள் பறிமுதல், அபராதம். பெரிய தொகையானால் ஏழு வருஷம் வரை சிறை. லாபம் முதலாளிக்கு, ஆபத்து மட்டும் குருவிக்கு. ரோமானிய ஒட்டகக்காரனுக்காவது கையில் ஒரு ஒப்பந்தம் இருந்தது!

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

முதலாவது, நகையோடு வெளிநாடு போகிறவர்கள் புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். கடை ரசீதோ மதிப்பீட்டாளர் சான்றோ கூட இருக்கட்டும். திரும்பி வரும்போது "இது இங்கிருந்து போன நகைதான்" என்று சொல்ல அந்தத் தாள் போதும். நம் காலத்துப் புலி முத்திரை அது. நேரம் பிடிக்கும் வேலை, ஆகையால் சீக்கிரம் போங்கள்.

இரண்டாவது, வரும்போது சந்தேகம் இருந்தால் சிவப்பு வழியில் போய் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். 2016ஆம் ஆண்டுச் சாமான் விதிகள், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்று சலுகை கொடுத்து, அதற்கு மேல் ஒரு லட்சம், ஐம்பதாயிரம் என்று பண வரம்பும் வைத்தன. தங்கம் ஏறிய ஏற்றத்தில் கிராம் கணக்கு பேருக்குத்தான் இருந்தது. விதி மாறிக்கொண்டே இருக்கும். புறப்படும் வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. வரி கட்ட மனமில்லாவிட்டால், உண்மையைச் சொல்லி நகையைச் சுங்கத்திலேயே ஒப்படைத்து, திரும்பும்போது பெற்றுக்கொள்ளவும் சட்டத்தின் 80ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சொல்லாமல் போனால் என்ன ஆகும்? 2002இல் டெல்லி விமான நிலையத்தில் வெளிநாடுவாழ் பெண் ஒருவரின் நகை பிடிக்கப்பட்டது. அது அவருடைய சொந்த உபயோக நகைதான் என்ற முடிவு உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது 2017இல். ஜெயித்தார், ஆனால் பதினைந்து வருஷம்!

மூன்றாவது, நகையைச் சாதாரணத் தபாலில் போடவே கூடாது. காப்பீடு இல்லாத உறையில் நகையும் பொன்னும் அனுப்புவதை உலக அஞ்சல் ஒன்றிய விதிகளே தடுக்கின்றன. கூரியர்காரர் பலரும் நகை எடுப்பதில்லை. சில முகவர்கள், "ஃபேன்ஸி சாமான்னு போட்டுக்கலாம், விலையைக் குறைச்சு எழுதுங்க, வரி மிச்சம்" என்பார்கள். தொலைந்தால் எழுதிய விலைக்கு மேல் ஒரு பைசா வராது. திறந்து பார்த்தால் பொய்க் கணக்கு என்ற பழியும் சேரும். வரியில் மிச்சம் பிடித்தது முதலோடு போய்விடும்.

நான்காவது, செக்-இன் பெட்டியில் நகை வைக்காதீர்கள். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி தொலைந்தால் விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்ச வரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது பன்னாட்டு நாணய நிதியக் கணக்கில் 1,519 அலகு. அன்றைய விலைக்கு ஏறக்குறைய மூன்று பவுன். பெட்டியில் இருபது பவுன் இருந்தாலும் அதே வரம்புதான். அதுவும் நகைக்குப் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதிவைத்திருக்கின்றன.

ஐந்தாவது, போய்ச் சேரும் நாட்டு வரியையும் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் நகை இறக்குமதிக்கு 5 விழுக்காடு வரி இருந்தது. 2022 மே முதல் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டில் இந்திய நகைக்கு அது நீக்கப்பட்டது. ஆனால் இந்தியாவில் செய்தது என்ற உற்பத்திச் சான்று வேண்டும். அங்கேயும் தாள்தான் பேசுகிறது.

இவ்வளவும் செய்ய முடியாதவர்கள் ஒன்றாவது செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு நகையையும் எடை போட்டு, ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் போட்டோ ஒட்டி, ரசீதைச் சேர்த்து வையுங்கள். கல் எத்தனை, என்ன கல், உள்ளே அரக்கு உண்டா என்பதையும் எழுதுங்கள். மாணிக்கப் பரலா முத்துப் பரலா என்பதை நகை உடைந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இடுக்கி எல்லையில், குமுளிக்கு மேலே மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமி அன்று ஒரு நாள் மட்டும் இரு மாநிலத்து மக்களும் மலை ஏறி வணங்குகிறார்கள். தேனி, இடுக்கி இரு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் கணவனை இழந்து, மூன்றாவது நாட்டில் தெய்வமானவள் அவள். பிழைக்கப் போன ஊரில் தன் பொருளைத் தன்னுடையது என்று நிரூபிக்க முடியாமல் போன குடும்பம் அது. சங்கத்துக் குடும்பங்கள் அங்கே போகும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையை இந்த விதமாகவும் ஒருமுறை சொல்லுங்கள்.